வெயில் வேண்டாத பாட்டில்கள்

எங்கள் தெருவில் அவரைக் கடல் மேடம் என்போம். பெயர் இல்லாமல் இல்லை. வாசலில் பித்தளைப் பலகையில் படிப்போடு சேர்த்துப் பொறித்து மாட்டியிருந்தார். ஆனாலும் பால் போடுகிறவரிலிருந்து சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கடல் மேடம்தான். முடிச்சூரில் கடல் கிடையாது. மழைக்காலத்தில் அடையாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் எங்கள் தெருவுக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கடலோடு எங்களுக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட தெருவில், பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எதிர்வீட்டு மாடிக்குத் தனியாகக் குடிவந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை, "என்கிட்ட இருக்கு."

ஒருநாள் நல்ல மழை. டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். நான் குடையை நீட்டினேன். "என்கிட்ட இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார். தாம்பரம் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பார். காரை நிறுத்தி, "வாங்க மேடம், அந்தப் பக்கம்தான் போறேன்" என்றால், "என்கிட்ட பஸ் பாஸ் இருக்கு" என்பார். கால் பிசகி வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு என் மனைவி ஜரீனா கைத்தடி எடுத்துக்கொண்டு ஓடினாள். வீடு துடைக்கிற மாப்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "எதுக்கு ஜரீனா சிரமம்? என்கிட்ட இருக்கே" என்று அந்த மாப்பையே காட்டினாராம்.

ஜரீனாவுக்கு இது பெரிய பேஜார். அவள் பாயாசம் வைத்தாலும் நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும் தெருவில் நாலு வீட்டுக்குக் கிண்ணம் போகாமல் இருக்காது. போன கிண்ணம் வெறுமனே திரும்பவும் திரும்பாது. சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ அதில் இருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது, இனிமேல் எனக்கும் உனக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்வது மாதிரி. அவர் சைவம் என்று தெரிந்ததும், கறி போடாமல் தனிப் பானையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனாள். அவர் கேட்டைத் திறக்காமலேயே கைகூப்பி, "சமைச்சிட்டேன்மா, என்கிட்ட இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

"அந்தம்மாவுக்குத் திமிருங்க" என்றாள் ஜரீனா, சூடு ஆறாத தூக்குச்சட்டியைத் திண்டில் வைத்துவிட்டு. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "திமிரு இல்லீங்க. வேற இன்னாவோ கீது" என்றாள்.

இதற்கு நடுவில் முட்டை விவகாரம் வேறு. சுத்த சைவமான கடல் மேடம் மாதம் ஒருமுறை மூலைக்கடையில் ஒரே ஒரு முட்டை வாங்குகிறார் என்ற செய்தி தெருவில் பரவியது. கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாராம், அவர் சுற்றும் முற்றும் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொள்வாராம். தெருப் பெண்கள் இதை வைத்தே பல மாதம் ஓட்டினார்கள். இரத்தக் குறைவு, டாக்டர் சொல்லியிருப்பார் என்று ஒரு கட்சி. ஆசை, வேறென்ன என்று இன்னொரு கட்சி. ஜரீனா இரண்டாவது கட்சி.

எனக்கு அந்த வீட்டுக்குள் போகிற வாய்ப்பு என் தொழிலால் வந்தது. முடிச்சூர் ரோட்டில் இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் பேனல் கடை வைத்திருக்கிறேன். படப்பையிலும் திருமுடிவாக்கத்திலும் பல பட்டறைக் கூரைகளில் இருப்பது நான் மாட்டிய பேனல்கள். எந்த வாடிக்கையாளரைப் பார்த்தாலும் ஒரே பிரசங்கம் செய்வேன்: "வெயில்தான் சார் எல்லாத்துக்கும் முதலாளி. நெல்லு வெயில்ல விளையுது. ஆடு வெயில்ல முளைச்ச புல்லைத் தின்னுது. ஆட்டை நாம திங்கறோம். நாம நடக்கறதே வெயிலாலதான். அவ்ளோ வெயிலும் உங்க மொட்டை மாடியில வீணாக் காயுதே சார்." முக்கால்வாசிப் பேர் இதிலேயே விழுந்துவிடுவார்கள்.

கடல் மேடத்தின் இன்வெர்ட்டர் கூவுகிறது என்று கூப்பிட்டிருந்தார். தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் எதற்கு என்று யோசித்தபடி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாய் சும்மா இருக்குமா? பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாத்துக்குமா பாய்?" என்றார்.

"எல்லாத்துக்கும்தான் மேடம்."

"இங்க வாங்க" என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். காய்கறி, தயிர் எல்லாம் கதவோரம் ஒண்டிக்கொண்டிருக்க, நடுத்தட்டு முழுவதும் மூன்று கண்ணாடி பாட்டில்களுக்கு. அடியில் கறுப்புச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். இரண்டும் சேருகிற இடத்தில், ஆறிய பாலில் படிவது மாதிரி வெள்ளையாக ஒரு ஆடை. ஒன்றை எடுத்து மூடியை நகர்த்தினார். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இந்த வெள்ளை இருக்கே, இது உயிர். கண்ணுக்குத் தெரியாத நூல் நூலா, கோடிக்கணக்குல. வங்காள விரிகுடாவுல ரொம்ப ஆழத்துலேருந்து கப்பல்ல எடுத்து வந்த சேறு. இதுங்க வெயிலையே பாத்ததில்ல."

பிறகு பொறுமையாகச் சொன்னார். கடலில் கொஞ்ச தூரம் இறங்கினாலே வெளிச்சம் தீர்ந்துவிடுமாம். அதற்குக் கீழே இருட்டும் குளிரும்தான். ஆனாலும் அங்கே மீன் இருக்கிறது, புழு இருக்கிறது. அவற்றுக்குச் சாப்பாடு, மேலே வெயிலில் வாழ்ந்து செத்தவற்றின் துணுக்குகள். இரவும் பகலும் தூள்தூளாகக் கீழே விழுந்துகொண்டே இருக்குமாம்.

"மேல பந்தி. கீழ இருக்கறதுங்களுக்கு எச்சில் இலை" என்றார்.

"அப்ப அதுவும் வெயில்தானே மேடம்? பழைய வெயில்."

"அது வெயில்தான். ஆனா இதுங்க அப்படி இல்ல." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கடல் தரையில சில இடத்துல கேஸ் கசியும். இப்ப நாறுச்சே, அதுதான். நமக்கு விஷம். இதுங்க அதை வச்சே தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே பண்ணிக்கும். எவன் மிச்சத்துக்கும் காத்துக்கிட்டு நிக்காது."

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் தடித்தது. ஆராய்ச்சி முடிந்து, மிஞ்சிய சேற்றைக் கொட்டப் போனார்களாம். இவர் அனுமதி கேட்டு மூன்று பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். ஆழ்கடல் குளிர் இல்லாவிட்டால் செத்துப்போகும் என்பதால்தான் அந்த ஃப்ரிட்ஜும் அந்தப் பெரிய இன்வெர்ட்டரும். "இன்னொரு தடவை எனக்காகக் கப்பல் போகாது பாய்" என்றார்.

முட்டை ரகசியமும் அப்போதுதான் உடைந்தது. கடல் தரையில் கசிகிற கேஸ் முடிச்சூரில் கிடைக்காது. ஒரு துளி மஞ்சள் கருவைச் சேற்றுக்குள் செலுத்தினால் அது அழுகி அதே கேஸைக் கொடுக்குமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆனா மேடம், முட்டை போட்ட கோழி வெயில்ல மேய்ஞ்ச கோழிதானே?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேட்டரி எப்படி இருக்கு?" என்று கேட்டார். மாற்றிவிடுவது நல்லது, இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது, என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, புதுசு வாங்குகிறவரை அதைப் போட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாம் பாய். என்கிட்ட இருக்கறது போதும்."

அந்த வருஷம் புயல் வந்தது. மழை விடாமல் அடித்து, தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதும் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிட்டார்கள். மாடியில் பேனல் வைத்திருந்தவர்களுக்கும் இருட்டுதான். லைன் கரண்ட் போனால் சாதாரண பேனலும் சேர்ந்து நின்றுவிடும். எங்கள் வீட்டில் மட்டும் பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு. கடைக்காரன் வீடு, விளம்பரத்துக்காவது எரிய வேண்டுமே.

மறுநாள் காலை ஜரீனா பால்கனியிலிருந்து கத்தினாள். "இன்னாங்க, இந்த வெள்ளத்துல கூட மீன்காரம்மா வந்துகினு கீது!"

போய்ப் பார்த்தேன். தலையில் தெர்மாகோல் பெட்டி. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்தது கடல் மேடம். நான் இறங்கி ஓடுவதற்குள் எங்கள் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். முதல் படியில் நின்றார். மேலே ஏறவில்லை.

"என்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "என்கிட்ட கரண்ட் இல்ல பாய். உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு இடம் வேணும்."

இத்தனை நாள் அந்த 'இருக்கு'வைக் கேலி செய்தவன் நான். அன்றைக்கு அந்த 'இல்ல'வைக் கேட்டதும் இரு கைகளையும் நீட்டி, பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் ஜரீனா வேலையில் இறங்கிவிட்டாள். ஃப்ரிட்ஜ் நிறைய ஆட்டுக்கறியும் மீனும் இருந்தன. அவ்வளவையும் வெளியே எடுத்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீரால் தட்டுத் தட்டாகத் துடைத்தாள். "கறி வச்ச எடத்துல அக்கா சாமானை வெக்கறதா? நல்லா இருக்குது!" பாட்டில்களை அவளே உள்ளே அடுக்கினாள். கடல் மேடம் ஈரப் புடவையோடு கூடத்திலேயே நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கதவைத் திறந்தால் குளிர் போய்விடும், வெயில் வருகிறவரை யாரும் திறக்கக் கூடாது. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வானம் மூடிக் கிடந்தது, பேனலிலிருந்து வந்தது சொட்டுச் சொட்டாகத்தான். ஃபேனை நிறுத்தினேன், டிவியை நிறுத்தினேன், போன் சார்ஜ் போடுவதைக்கூட நிறுத்தினேன். வீட்டில் ஓடியது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

வெளியே எடுத்த கறியைக் கெட விடாமல் ஜரீனா அவ்வளவையும் சமைத்துத் தெருவுக்கே அனுப்பினாள். வீட்டுக்கு வீடு தண்ணீருக்குள்ளேயே பாத்திரம் போயிற்று. கடல் மேடத்துக்குத் தனியாகச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும். தண்ணீர் இன்னும் ஏறிவிட்டதால் அவரால் திரும்பிப் போக முடியவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், வெகுநேரம் கை வைக்காமல் இருந்தார்.

"சின்ன வயசுல சித்தப்பா வீட்ல வளந்தேன் ஜரீனா" என்றார். "எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் எனக்கு. சட்டியில ஒட்டினது, இலையில தங்கினது. வேலை கிடைச்ச அன்னைக்கு ஒரு முடிவு பண்ணேன். இனிமே யார் சோத்துலயும் கை வைக்கறதில்லன்னு."

ஜரீனா பானையிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"இது மொத சோறு அக்கா. இன்னும் யாரும் சாப்புடல. நீங்க தின்ன அப்புறம்தான் நாங்க."

கடல் மேடம் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்காமலேயே சாப்பிட்டார். பிறகு நாங்கள் சாப்பிட்டோம்.

அடுத்து வந்த நாட்களும் மூட்டம்தான். பேட்டரி மீட்டரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இனி தாங்காது என்றிருந்த ஒரு காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். திருநீர்மலைக் குன்று குளித்துவிட்டு நிற்பது மாதிரி பளிச்சென்று தெரிந்தது. மேகம் விலகி, பேனல்மேல் தேங்கிய தண்ணீரில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மீட்டரில் முள் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம்! வெயில் வந்துடுச்சு!"

அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "பாருங்க மேடம். வெயிலே வேணாம்னு இருந்த உங்க ஆளுங்களைக் காப்பாத்தினது யாரு? நம்ம முதலாளிதான்" என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். தடை தீர்ந்தது என்று இருவரும் கீழே ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தோம்.

மூன்று பாட்டிலிலும் வெள்ளை ஆடை இல்லை. கறுப்புச் சேறு, மேலே தண்ணீர், அவ்வளவுதான். ஒவ்வொரு மூடியும் திருகி இறுக்கப்பட்டு, மேலே பாலிதீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாகக் கட்டியிருந்தது.

"எவ்ளோ துடைச்சாலும் கறி வாடை கொஞ்சம் இருந்துது அக்கா" என்றாள் ஜரீனா. "உங்க பாட்டிலுக்குள்ள போயிடக் கூடாதேன்னுதான் உள்ள வெக்கறப்பவே... மூடி வேற லூஸா இருந்துதா..."

எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்ட வாயெடுத்தேன். ஃப்ரிட்ஜ் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்த கடல் மேடம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அவளைத் திட்டாதீங்க பாய். நான்தான் சொல்லல." ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். "இதுங்களுக்குக் காத்து வேணும். கீழேருந்து கேஸ், மேலேருந்து காத்து. ரெண்டும் சந்திக்கற இடத்துலதான் அந்த ஆடை பிடிக்கும்."

"கடலுக்கு அடியில ஏது மேடம் காத்து?"

"தண்ணியில கரைஞ்ச காத்து. மரமும் செடியும் மேல் கடல் பாசியும் வெயில்ல விட்ட மூச்சு. தென்கோடிப் பனிக்கடல்ல தண்ணி குளுந்து, கனத்து, மூழ்கி, அந்த மூச்சையும் தூக்கிக்கிட்டுக் கடல் தரையிலயே ஊர்ந்து வரும். எத்தனையோ காலம் ஊர்ந்துதான் இதுங்ககிட்ட வந்து சேரும்."

"அப்படின்னா இதுங்களும்..."

"ஆமா. உங்க முதலாளிகிட்டதான் சம்பளம் வாங்குதுங்க. அன்னைக்கு எல்லாத்தையும் சொன்னேன், இதை மட்டும் விட்டுட்டேன்."

"ஏன் மேடம்?"

"சொல்லப் பிடிக்கல" என்றார்.

தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் மூடிகளைத் தளர்த்தி எடுத்துக்கொண்டு போனார். ஜரீனாவுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. தினமும் ஒரு தூக்கில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடி ஏறுவாள், பாட்டிலைப் பார்ப்பாள், முகம் தொங்கத் திரும்பி வருவாள். தூக்கு மட்டும் அங்கே காலியானது. 'என்கிட்ட இருக்கு' என்ற பேச்சு அந்த வீட்டு வாசலில் பிறகு எழவில்லை. சில நாள் இருவரும் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். கரண்ட் என்ன ஆகும் என்று நான் கத்துவேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் எனக்குப் பொறுக்காது.

இரண்டு பாட்டிலில் ஆடை மறுபடி படியவே இல்லை. மூன்றாவதில், நாங்கள் நம்பிக்கையை விடத் தொடங்கிய ஒரு பகலில், பஞ்சு இழை மாதிரி ஒன்று தெரிந்ததாம். "ஜரீனா! ஜரீனா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி பால்கனியிலிருந்து கூப்பிட்டார் கடல் மேடம். பழுக்கக் காய்ந்த சிமென்ட் ரோட்டில் செருப்புகூடப் போடாமல் இவள் ஓடினாள்.

கடைசியாகக் கொண்டு போன தூக்கு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜரீனா கேட்கவில்லை. "உள்ள இன்னா வெச்சுக் குடுக்கறதுன்னு யோசிச்சுகினு கீறாங்க போல. இருக்கட்டும்" என்றாள்.

அவருடைய உடம்பு தளர்ந்தபோது, பெங்களூரில் இருந்த தங்கை மகள் வந்து தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். போகமாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் சரி என்றுவிட்டார். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் படியேறி வந்தார். கையில் எங்கள் தூக்கு. ஜரீனா திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் அந்த ஒரே பாட்டில், வெள்ளை ஆடையோடு.

"அக்கா, இதை எதுக்கு... நீங்க எடுத்துகினு போவலையா?"

"வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாதுன்னு சொல்லுவியே" என்றார் கடல் மேடம். "என்கிட்ட இருக்கறது இதுதான்."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். என்னை நலம் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "ஆடை இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. "என்கிட்ட கீது அக்கா, பத்திரமா கீது" என்பாள் ஜரீனா. மூலைக்கடையில் மாதம் ஒரு முட்டையைத் தனியாக வாங்கி வருவது இப்போது அவள்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராவது நல்லெண்ணத்தில் அந்த மூடியை இறுக்கிவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்.

போன மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போன் வந்தது. பேசியது தங்கை மகள். ஜரீனா கேட்டுவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாட்டில் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் கதவு திறந்தே இருந்தது. நான் கத்தவில்லை. இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.